ஆம்ப்பை மாற்றுவதற்கு முன்: மைக் செட்டில் ‘உஸ்’ எங்கே பிறக்கிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாரதம் வைக்கிற (மகாபாரதக் கதையைத் திருவிழாவாக நடத்துகிற) ஊர்களில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள் கணக்கில் நடக்கும். இரண்டுக்கும் ஒரே மைக் செட்தான். நடு இரவில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேசி முடித்து, ஆர்மோனியமும் ஓய்ந்து, அடுத்த வேஷம் திரைக்குப் பின்னால் காத்திருக்கிற இடைவெளியில் குழாய் ஸ்பீக்கரிலிருந்து ‘உஸ்’ என்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருக்கும். பாட்டு ஆரம்பித்ததும் அது கேட்காது. மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர் யாராவது ரேடியோ செட்டுக்காரரிடம், “ஏம்ப்பா, ஆம்ப் பழசாயிடுச்சா?” என்று கேட்பார். அவரும் பெரும்பாலும் ஆமாம் என்றே சொல்வார். அடுத்த வருஷம் புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வரும். ‘உஸ்’ அப்படியே இருக்கும்.

காரணம், இந்தச் சத்தம் பெரிய ஆம்ப்பில் பிறப்பது அபூர்வம். பேசுகிறவரின் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் உள்ள தூரமும், மைக் ஒயர் போய்ச் சேர்கிற முதல் சர்க்யூட்டும்தான் அதன் அளவைத் தீர்மானிக்கின்றன. அதற்குப் பின்னால் வருகிற மிக்ஸர், ஆம்ப், குழாய் எல்லாம் அதைப் பெரிதாக்கி வெளியே தருகின்றன, அவ்வளவுதான். இது தெரியாமல் பணத்தைத் தப்பான இடத்தில் போடுகிற செட்டுக்காரர்கள் நம் பக்கத்தில் நிறைய. திருவிழா சீசனை நம்பி வட்டிக்கு வாங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சத்தங்களைப் பிரித்துக்கொள்வோம். ‘ம்ம்ம்’ என்று அடிக்குரலில் வருவது கரண்ட்டின் வேலை. நம் லைனில் 50 ஹெர்ட்ஸ். அதை ஒரே திசைக் கரண்ட்டாக மாற்றுகிற ரெக்டிஃபையரைத் தாண்டியதும் 100. ஃபில்டர் கண்டென்சர் வற்றிப்போனாலோ, எர்த் இரண்டு இடத்தில் சேர்ந்து வளையமாகிவிட்டாலோ அது கேட்கும். ‘கிர்ர்’ என்று வந்தால் சீரியல் செட் லைட்டின் கண்ட்ரோலரையோ, டிம்மரையோ, ஆம்ப்புக்குள் ஒட்டவைத்த மலிவான ப்ளூடூத் போர்டையோ சந்தேகப்படலாம். வால்யூமைத் திருப்பும்போது ‘கரகர’ என்றால் கண்ட்ரோலில் தூசி. இவை எல்லாவற்றுக்கும் ஒரு குற்றவாளி உண்டு. கண்டுபிடித்துச் சரிசெய்தால் சத்தம் சுத்தமாக நின்றுவிடும். ‘உஸ்’ அந்த வகை இல்லை. அதைக் குறைக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது. பழுதே இல்லாத, இன்று பெட்டி பிரித்த மெஷினிலும் அது இருக்கும்.

ரெசிஸ்டருக்குள் நடப்பது

கம்பியோ, கரண்ட்டைத் தடுக்கிற ரெசிஸ்டரோ, எந்தக் கடத்தியிலும் எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. வெப்பம் இருக்கிற வரை அவை தாறுமாறாக அலைந்துகொண்டே இருக்கும். ஒரு நொடியின் மிகச் சிறிய துண்டில் ஒரு முனையில் கொஞ்சம் அதிகமாகச் சேரும். அடுத்த துண்டில் மறுமுனையில். அதனால் பேட்டரியோ கரண்ட்டோ கொடுக்காத ரெசிஸ்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவிலும் ஒரு குட்டி வோல்டேஜ் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார். அதன் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யில் இருந்த ஹாரி நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னார். இரண்டு பேரின் கட்டுரைகளும் 1928-ல் வெளிவந்தன. இருவருமே ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள்.

ஜான்சன் கண்டதில் முக்கியமானது இது: பொருள் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. கார்பனானாலும் உலோகமானாலும் உப்புக் கரைசலானாலும் ரெசிஸ்டன்ஸும் வெப்பநிலையும் ஒன்றாக இருந்தால் சத்தமும் ஒன்றுதான். ரெசிஸ்டன்ஸ் நான்கு மடங்கானால் சத்த வோல்டேஜ் இரண்டு மடங்காகும். காது கேட்கிற 20 கிலோஹெர்ட்ஸ் வரை கணக்கிட்டால், சாதாரண அறை வெப்பத்தில் 10,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சுமார் 1.8 மைக்ரோவோல்ட் தரும். டைனமிக் மைக்கின் காயில் (உள்ளே இருக்கிற கம்பிச் சுருள்) மாதிரி 200 ஓம் என்றால் 0.26 மைக்ரோவோல்ட். ஒரு மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னதுதான், ஆனால் மைக் தருகிற சிக்னலும் சின்னதுதான். அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

டிரான்சிஸ்டரிலும் பழைய வால்விலும் இன்னொரு வகைச் சத்தம் உண்டு. கரண்ட் தண்ணீர் மாதிரி தொடர்ச்சியாக ஓடுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தனித்தனி எலக்ட்ரான்களாகத் தடையைத் தாண்டி விழுகிறது. கேழ்வரகைத் தகரத்தின் மேல் கொட்டினால் ஒவ்வொரு மணியும் தனியாகத்தான் விழும், ஆனால் நம் காதுக்கு ஒரே ‘உஸ்’ என்றுதான் கேட்கும். அது போலத்தான் இது. ஜெர்மனியின் வால்ட்டர் ஷாட்கி இதை வால்வுகளை வைத்து 1918-லேயே விளக்கிவிட்டார். இவை போக, குறைந்த அதிர்வெண்ணில் கூடிக்கொண்டே போகிற ஒரு முணுமுணுப்பும் உண்டு. பழைய கார்பன் ரெசிஸ்டர்களில் கரண்ட் ஓடும்போது அது அதிகமாக வரும். அந்தக் காலத்து ஆம்ப்பைச் சரிசெய்கிற மெக்கானிக்குகள் முதல் ஸ்டேஜில் (சிக்னலைப் பெருக்குகிற முதல் படியில்) கார்பனை எடுத்துவிட்டு மெட்டல் ஃபிலிம் போடுவது இதனால்தான். நல்ல பழக்கம், செலவும் சில ரூபாய்தான்.

சரி, இந்தச் சத்தம் ஏன் ‘உஸ்’ என்று கேட்கிறது? எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவில் பரவியிருப்பதால். 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 20 வரையுள்ள கடைசி ஒரு ஸ்தாயியிலேயே மொத்தச் சக்தியில் பாதி இருக்கிறது. அடுத்த கால் பங்கு 5-லிருந்து 10-க்குள். அடிக்குரல் பகுதிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். போதாததற்கு நம் காதும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கூர்மையாகக் கேட்கும்.

வெயில் காரணமா?

வெப்பம்தான் காரணம் என்றதும், தருமபுரி வெயிலில் சத்தம் கூடும் என்று நினைக்கத் தோன்றும். பலர் அப்படியே சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. இங்கே வெப்பத்தை எண்ண வேண்டியது கழித்தல் 273 டிகிரியிலிருந்து. ஓசூரில் மார்கழி இரவு 15 டிகிரி என்றால் அது 288. தருமபுரியில் சித்திரை மதியம் 40 டிகிரி என்றால் 313. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ‘உஸ்’ஸில் அரை டெசிபல்கூட (சத்தத்தை ஒப்பிட்டு அளக்கிற அலகு) இல்லை. எந்தக் காதாலும் அதைப் பிரித்தறிய முடியாது.

வெயில் கெடுப்பது வேறொன்றை. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களுக்குள் இருக்கிற திரவம் வெப்பத்தில் வற்றும். 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கிற பொதுவான கணக்கு. தகரக் கொட்டகையில் பகலெல்லாம் வெந்து, இரவெல்லாம் ஓடுகிற ஆம்ப்பில் அது சீக்கிரமே நடக்கும். ஆனால் அதன் விளைவு ‘ம்ம்ம்’தான்.

முதல் படியில் தோற்றால்

இனி மைக் கணக்குக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் சாதாரணமாகப் பேசுவது ஒரு மீட்டர் தள்ளி சுமார் 60 டெசிபல் இருக்கும். அந்த இடத்தில் ஒரு டைனமிக் மைக் இருந்தால் அது ஏறக்குறைய 40 மைக்ரோவோல்ட் தரும். மைக்கின் காயில் தானே தருகிற சத்தம் 0.26. அதாவது சிக்னல் சத்தத்தைப் போல 150 மடங்கு, டெசிபலில் 44. இது உலகத்தின் மிகச் சிறந்த ஆம்ப்பை மாட்டினாலும் தாண்ட முடியாத எல்லை. இயற்கை போட்ட கோடு. அதே ஆள் மைக்கை வாயருகே 5 சென்டிமீட்டரில் வைத்துப் பேசினால் சிக்னல் 20 மடங்கு கூடும், எல்லை 70 டெசிபலுக்குப் போய்விடும். ஒரு ரூபாய் செலவில்லாமல் 26 டெசிபல் கிடைக்கிறது. எந்தக் கடையிலும் எந்த விலைக்கும் இவ்வளவு முன்னேற்றம் கிடைக்காது.

கூத்து மேடையில் மைக் மேலிருந்து தொங்கும். ஆடுகிறவர் தலைக்கு மேல் கிரீடம், தோளில் புஜகீர்த்தி. கையில் மைக் பிடிக்க வழியில்லை. வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர்கூட இருக்கும். கூத்துக் கலைஞர்களின் தொண்டை பெரியது என்பதால் பாட்டு தப்பித்துவிடுகிறது. ஆனால் பகல் பிரசங்கத்திலும் சிலர் மைக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார்கள். செட்டுக்காரர் வேறு வழியில்லாமல் கெயினை, அதாவது பெருக்கத்தைத் தூக்குவார். தூக்கினால் பேச்சோடு சேர்ந்து ‘உஸ்’ஸும் தூக்கப்படும். தூரம் இரட்டிப்பாகிற ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் போய்விடுகிறது. பிரசங்கியாரிடம் மரியாதையாகப் போய், “ஐயா, மைக்கைக் கொஞ்சம் கிட்டத்துல வச்சுக்கறீங்களா?” என்று கேட்பதுதான் முதல் மருத்துவம். கேட்கத் தயங்கித்தான் பலர் ஆம்ப்பை மாற்றுகிறார்கள்.

அடுத்தது மைக் போய்ச் சேர்கிற முதல் சர்க்யூட். 40 மைக்ரோவோல்ட்டை ஒரு வோல்ட்டுக்குக் கொண்டுவர 25,000 மடங்கு பெருக்க வேண்டும். முதல் ஸ்டேஜ் சேர்க்கிற சத்தமும் அதே 25,000 மடங்கு பெருகும். அது முதலில் நூறு மடங்கு பெருக்கிவிட்டால், இரண்டாவது ஸ்டேஜ் சேர்க்கிற சத்தம் ஒப்பீட்டில் நூறில் ஒரு பங்குதான். மூன்றாவது, நான்காவது எல்லாம் பொருட்டே இல்லை. இதனால்தான் கடைசியில் இருக்கிற பவர் ஆம்ப்பை மாற்றினால் ஒன்றும் மாறுவதில்லை.

நம் ஊர்களில் கடையில் அசெம்பிள் செய்து தருகிற மிக்ஸர் போர்டுகளில் டி.எல்.072, 4558 மாதிரி ஐ.சி.கள் அதிகம். டி.எல்.072 நல்ல ஐ.சி.தான், ஆனால் டைனமிக் மைக்கை நேராக வாங்குவதற்கு ஏற்றதல்ல. காது கேட்கிற அலைவரிசை முழுக்கக் கணக்கிட்டால் அது தன் பங்குக்கு 2.5 மைக்ரோவோல்ட் சத்தம் போடும். மைக்கின் சொந்தச் சத்தத்தைப் போல கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதே இடத்தில், அதே எட்டுக் கால் சாக்கெட்டில், என்.இ.5532 போட்டால் 0.7 மைக்ரோவோல்ட். மொத்தத்தில் சுமார் 10 டெசிபல் குறையும். காதுக்கு ‘உஸ்’ பாதியாகிவிட்டது போலிருக்கும். கிடார் பிக்கப், ஒட்டவைக்கிற பீசோ பிக்கப் மாதிரி ரெசிஸ்டன்ஸ் அதிகமுள்ள மூலங்களுக்கு இது தலைகீழ், அங்கே டி.எல்.072 தான் அமைதி. எல்லா இடத்துக்கும் சிறந்த ஐ.சி. என்று ஒன்று இல்லை.

ஐ.சி.யை மாற்றியும் பலன் தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். போர்டைப் புரட்டிப் பார்த்தால் மைக் பின்னுக்கும் ஐ.சி.க்கும் நடுவில் வரிசையாக ஒரு 10 கே ரெசிஸ்டர் நிற்கும். முன்னே சொன்னது போல அது ஒன்றே 1.8 மைக்ரோவோல்ட் சத்தம் தரும். வாசலிலேயே மைக்கைப் போல ஏழு மடங்கு சத்தக்காரரை நிற்கவைத்துவிட்டு உள்ளே எதை மாற்றினாலும் பிரயோஜனமில்லை. ஏற்கெனவே பெரிதாக்கி வருகிற லைன் சிக்னலுக்குப் போட்ட சர்க்யூட்டை மைக்குக்கும் பயன்படுத்துவதால் வருகிற கோளாறு இது. பழைய ஆம்ப்களில் மைக் வாசலில் ஒரு சின்ன உருளை டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது அதிகமாகச் சத்தம் சேர்க்காமல் சிக்னலைப் பத்து மடங்கு ஏற்றி உள்ளே அனுப்பும். அதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

ஒரு ரெசிஸ்டர், ஒரு பின்

சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். தருமபுரியில் எனக்குத் தெரிந்த ஒரு ரிப்பேர் பெஞ்சில் இதற்கென்றே ஒரு பின் தொங்குகிறது. மூன்று கால் கேனான் பின். அதன் மூடியைக் கழற்றி, இரண்டாவது காலுக்கும் மூன்றாவது காலுக்கும் நடுவில் 220 ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, மறுபடி மூடியிருக்கிறார்கள். மேலே செலோ டேப்பில் ‘ஊமை மைக்’ என்று எழுதியிருக்கும். மின்சாரக் கணக்கில் அது ஒரு மைக்கேதான், ஆனால் காதில்லாத மைக்.

சோதனை இப்படி நடக்கும். முதலில் பவர் ஆம்ப்பின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைக்கிறார்கள். அப்போதும் ‘உஸ்’ கேட்டால் அது பவர் ஸ்டேஜின் சொந்தச் சத்தம். அப்புறம் ஆம்ப் வால்யூமை நிகழ்ச்சியில் வைக்கிற அளவுக்கு ஏற்றி, மிக்ஸரின் மாஸ்டரைக் கீழே வைக்கிறார்கள். அடுத்து மாஸ்டரை ஏற்றி, எல்லா சேனலையும் மூடுகிறார்கள். கடைசியில் ஒரே ஒரு சேனலில் ஊமை மைக்கைச் செருகித் திறக்கிறார்கள். எந்தப் படியில் சத்தம் துள்ளி எழுகிறதோ அந்தப் படிதான் பதில். பெரும்பாலும் கடைசிப் படியில்தான் எழும். இப்போது ஊமை மைக்கை எடுத்துவிட்டு நிஜ மைக்கைப் போடுங்கள். சத்தம் அதே அளவில் இருந்தால் முதல் சர்க்யூட்டின் எல்லை அது. இன்னும் கூடினால், கூடிய பங்கு அறையிலிருக்கிற ஃபேன், காற்று, ஒயரில் ஏறுகிற குப்பை.

எதுவும் செருகாமல் வெறும் வாசலைத் திறந்து வைத்துச் சோதிக்கக் கூடாது. வெறும் வாசலில் ரெசிஸ்டன்ஸ் அதிகம், அதனால் சத்தமும் அதிகம். நல்ல மிக்ஸரைக்கூட இப்படிச் சோதித்து ஓட்டை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இதே காரணத்தால், நிகழ்ச்சியிலும் பயன்படுத்தாத சேனல்களின் ஃபேடரை (வால்யூம் தள்ளுகோலை) இறக்கி வைக்க வேண்டும். ஒரே அளவு சத்தம் தருகிற 8 சேனல் திறந்திருந்தால் ஒன்றைவிட 9 டெசிபல் கூடுதல்.

கெயின் விஷயத்தில் நம் பக்கத்துப் பழக்கம் தலைகீழாக இருக்கிறது. கத்திவிடுமோ என்ற பயத்தில் சேனல் கெயினைக் குறைவாக வைப்பார்கள், பிறகு ஆம்ப் வால்யூமை முழுசாகத் திறந்து ஈடுகட்டுவார்கள். இப்படிச் செய்தால் நடுவில் இருக்கிற எல்லா ஸ்டேஜின் சத்தமும் முழு அளவில் வெளியே வரும். முதல் கெயினை, கலைஞர் உரக்கப் பாடும்போது சிவப்பு விளக்கு எப்போதாவது மினுக்குகிற அளவுக்குக் கொஞ்சம் கீழே வைத்து, ஆம்ப்பைத் தேவையான அளவுக்கு மட்டும் திறக்க வேண்டும். மைக் கூவுவது மொத்தப் பெருக்கத்தைப் பொறுத்தது. எந்த இடத்தில் பெருக்கினாலும் மொத்தம் ஒன்றானால் கூவல் ஒன்றே. ‘உஸ்’ மட்டும் மாறும்.

கூத்துக்காரர்களுக்கு எக்கோ வேண்டும். மலிவான எக்கோ போர்டுகளில் இருக்கிற பி.டி.2399 ஐ.சி., தாமதத்தைக் கூட்டக் கூட்ட இரைச்சலையும் கூட்டும். தாமதத்தைக் குறைத்து வைத்தால் எக்கோவும் இருக்கும், வசனமும் புரியும்.

குழாய் ஏன் காட்டிக்கொடுக்கிறது

வீட்டு ஸ்பீக்கரில் கேட்காத ‘உஸ்’ குழாயில் கேட்பதற்குக் காரணம் குழாயின் திறமைதான். சாதாரணப் பேப்பர் கோன் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் தந்தால், குழாய், அதாவது ஹாரன், 108 வரை தரும். ஆம்ப்பின் வெளிவாசலில் ஒரு மில்லிவோல்ட் சத்தம் எஞ்சியிருக்கிறது என்று வையுங்கள். 8 ஓம் கோனில் அது 21 டெசிபலாகக் கேட்கும், அதாவது கேட்காது. அதே மில்லிவோல்ட் ஹாரனில் 39 டெசிபல். ஊர் அடங்கிய இரவில் அது நன்றாகவே கேட்கும்.

இதற்கும் ஒரு நிவாரணம் இருக்கிறது. பொதுக்கூட்டக் குழாய்கள் 6, 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் தருவதில்லை. அதனால் டிரெபிளைத் தூக்குவதில் லாபம் குறைவு, நஷ்டம் அதிகம். டிரெபிளை நடுவில் விட்டாலே ‘உஸ்’ கண்கூடாக இறங்கும்.

வண்டியில் பண்பலை கேட்டுக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது வருகிற ‘உஸ்’ இதற்கு உறவுதான், ஆனால் பிறப்பிடம் வேறு. மலை மறைத்ததும் சிக்னல் மெலிகிறது, ரேடியோவின் முதல் ஸ்டேஜ் சத்தம் மேலெழுகிறது. பண்பலையில் அதிர்வெண் கூடக் கூடச் சத்தமும் கூடும். ஸ்டீரியோவுக்குத் தேவையான தகவல் 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி, அந்தச் சத்தம் மிகுந்த பகுதியில்தான் வருகிறது. ரேடியோவை மோனோவுக்கு மாற்றினால் பாட்டு தெளிந்துவிடும். பல கார் ரேடியோக்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

பழைய கேசட்டுகள்

என் மனதுக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கூத்தையும் பிரசங்கத்தையும் டூ-இன்-ஒன் ரெக்கார்டரில் பதிந்து வைத்த கேசட்டுகள் பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்து வீடுகளில் இன்னமும் பரண் மேல் கிடக்கின்றன. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. அவற்றைக் கணினிக்கு மாற்றுகிற பிள்ளைகள் முதலில் திணறுவது ‘உஸ்’ஸைக் கேட்டுத்தான்.

கேசட்டில் இது வேறு வழியாக வருகிறது. டேப்பின் மேல் பூசியிருப்பது காந்தத் துகள்கள். பாட்டே பதியாவிட்டாலும் ஒவ்வொரு துகளும் தன்னிஷ்டத்துக்கு ஒரு திசையில் காந்தமாகி நிற்கும். டேப்பைப் படிக்கிற ஹெட்டுக்கு முன்னால் ஒரு நொடியில் எத்தனை துகள் கடக்கிறதோ அதைப் பொறுத்துச் சத்தம் சராசரியாகி அடங்கும். துகள் குறைந்தால் சத்தம் கூடும். 1963-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டின் டேப் அகலமே 3.81 மில்லிமீட்டர், ஸ்டீரியோவில் ஒரு டிராக்குக்கு 0.6 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஸ்டூடியோ ஸ்பூல் டேப் 38 சென்டிமீட்டரில் ஓடும், ஒரு டிராக்கின் அகலமும் பல மடங்கு. வித்தியாசம் அங்கேதான். பேச்சுக்குக் கண்டுபிடித்த கேசட்டைப் பாட்டுக்குப் பயன்படுத்தியதன் விலை இது.

இதற்கு மருந்து கண்டவர் ரே டால்பி. அவர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில், சண்டிகரில் இருந்தவர். இங்கே இசையைப் பதிவு செய்தபோது டேப் இரைச்சலைப் பற்றி யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். 1965-ல் லண்டனில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். வீட்டு கேசட்டுகளுக்கான டால்பி பி 1968-ல் வந்தது. பதியும்போது மெல்லிய மேல்குரல்களை மட்டும் தூக்கிப் பதிந்து, கேட்கும்போது அதே அளவு இறக்கிவிடும். இறக்கும்போது டேப்பின் ‘உஸ்’ஸும் 10 டெசிபல் வரை சேர்ந்து இறங்கும். டால்பியில் பதிந்த கேசட்டை டால்பி இல்லாமல் போட்டால் கூர்மையாகக் கேட்கும். டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பியோடு போட்டால் மங்கிவிடும். நம் ஊர் டூ-இன்-ஒன்களில் பதிந்தவை பெரும்பாலும் டால்பி இல்லாதவை, அதனால் பொத்தானை அணைத்தே வையுங்கள்.

நம் கேசட்டுகளில் இன்னொரு சிக்கல், நகலின் நகல். ரெக்கார்டிங் கடையில் டபுள் டெக்கில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும்போது ஒவ்வொரு டேப்பின் சத்தமும் சேரும். ஒரு நகலுக்கு 3 டெசிபல், அதன் நகலுக்கு 5. சொந்தக்காரர்களிடம் விசாரித்து முதல் கேசட்டைத் தேடிப் பிடித்தால், சாஃப்ட்வேர் தராத சுத்தம் கிடைக்கும்.

கேசட்டைப் போடுவதற்கு முன் டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, காந்தம் நீக்குங்கள். காந்தமேறிய ஹெட் தானே ‘உஸ்’ஸைக் கூட்டும், போதாததற்குக் கேசட்டில் இருக்கிற மேல்குரலையும் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். பிறகு ஹெட்டின் பக்கத்தில், ஸ்பிரிங் போட்ட ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஹெட்டின் சாய்வை மாற்றுகிற ஸ்க்ரூ அது. பதிந்த மெஷினின் சாய்வும் கேட்கிற மெஷினின் சாய்வும் ஒன்றாக இல்லாவிட்டால் மேல்குரல் போய்விடும், போனதை ஈடுகட்ட டிரெபிளைத் தூக்குவோம், ‘உஸ்’ பொங்கிவரும். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். தாளத்தின் ‘சில்’ திடீரென்று பளிச்சென்று திறக்கிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மெஷினில் பதிந்தது.

சாஃப்ட்வேரில் ‘உஸ்’ஸை நீக்குவது கடைசி வேலை. பேச்சில்லாத ஒரு துண்டை மாதிரியாகக் காட்டினால் அது எல்லா இடத்திலும் அந்த அளவைக் கழிக்கும். அளவாகச் செய்தால் நன்றாக இருக்கும். பேராசைப்பட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குமிழியிடும். கூத்தில் ஊதுகிற முகவீணையின் மேல்சுருதியும் தாளத்தின் நீளும் ஒலியும் ‘உஸ்’ஸோடு சேர்ந்து போய்விடும். 6 அல்லது 8 டெசிபல் குறைத்தாலே காதுக்குப் போதும், மிச்சத்தைப் பாட்டே மறைத்துக்கொள்ளும். இதே காரணத்தால் இப்போது செல்போனில் கூத்தைப் பதிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: போனின் மைக் தன் சொந்தச் சத்தமாக 29 டெசிபலை ஒட்டி வைத்திருக்கிறது. போதாததற்கு ஆட்டோ கெயின் வேறு. பேச்சு நின்றதும் பெருக்கத்தைத் தானே ஏற்றி ‘உஸ்’ஸை எழுப்பிவிடும், பேச்சு வந்ததும் அமுக்கும். செட்டுக்காரரிடம் கேட்டு மிக்ஸரின் ரெக்கார்டிங் வாசலிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டருக்கு லைன் வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ரெக்கார்டரில் லைன் என்று குறித்த வாசலில்தான் செருக வேண்டும். மைக் வாசலில் செருகினால் சிக்னல் உடைந்துவிடும்.

கேசட்டிலிருந்து எடுத்த முதல் கோப்பு எதையும் நீக்காததாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். சுத்தம் செய்ததை வேறு பெயரில் சேமியுங்கள். பத்து வருஷம் கழித்து இன்னும் நல்ல சாஃப்ட்வேர் வரும்போது மூலக் கோப்பு தேவைப்படும். 60 நிமிடக் கேசட் ஒன்று சுமார் ஒரு ஜி.பி. ஆகும். 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ஏறக்குறைய முப்பது கேசட் அடங்கும்.